நாலடி ஸ்க்ரூவும் எட்டடி ஸ்க்ரூவும்: வீட்டு சிஎன்சியில் எதை எப்படித் தாங்குவது?

கொளத்தூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளில் சொந்தமாக சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரமோ ஷீட்டோ வெட்டும் மெஷின்) கட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பூஜையறைக் கதவில் பிள்ளையார் செதுக்க ஒருவர், கடைப் போர்டுக்கு ஏசிபி ஷீட்டில் எழுத்து வெட்ட ஒருவர். இவர்களிடமிருந்து வரும் கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: "ஸ்க்ரூ நீளமா இருக்கு, வேகம் ஏத்தினா நடுவுல ஆடுது. நடுவுல ஒரு சப்போர்ட் கொடுக்கலாமா, இல்ல தடியான ஸ்க்ரூவா மாத்தணுமா?"

மோட்டார் சுற்றும் நீளமான மரைத்தண்டுதான் இந்த ஸ்க்ரூ; அதில் ஓடும் நட்தான் மெஷினின் நகரும் பகுதியை இழுத்துப்போகும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலடி அச்சுக்கு, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறு முனையைத் தாங்கும் வழக்கமான முறையை ஒழுங்காகச் செய்தாலே போதும். எட்டடி அச்சில் சுழலும் ஸ்க்ரூவைத் தாங்க வழி தேடுவதை விட்டுவிட்டு, ஸ்க்ரூ சுழலாத வழியையோ ஸ்க்ரூவே இல்லாத வழியையோ பாருங்கள். நடுத் தாங்கி கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வேகம். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு கிரிட்டிக்கல் ஸ்பீடு உண்டு. அதைத் தொட்டால் இரண்டு பிள்ளைகள் பிடித்துச் சுற்றும் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுப்பகுதி வெளியே வீசும். இந்த வேகம் ஸ்க்ரூவின் பள்ள விட்டத்துக்கு (மரையின் பள்ளத்தில் அளக்கும் விட்டம்) நேர் விகிதத்தில் கூடும். நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். நீளம் இரண்டு மடங்கானால் வேகம் கால் பங்குதான் கிடைக்கும். இதற்கு பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை) தயாரிப்பாளர்களின் கேட்டலாக்கில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: பள்ள விட்டத்தை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒரு கோடியால் பெருக்கி, அதை முனைகளுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டும் மில்லிமீட்டரில் இருந்தால் விடை ஆர்பிஎம்மில் வரும். முனை எண் ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் சும்மா விட்டால் 3.4. இரு பக்கமும் வெறும் தாங்கல் என்றால் 9.7. ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தாங்கினால் 15.1. இரு பக்கமும் இறுக்கினால் 21.9. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு இந்த எண்களுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது.

நம்மூரில் எல்லாரும் வாங்கும் 1605, அதாவது 16 மிமீ விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகரும் ஸ்க்ரூ (சுற்றுக்கு நகரும் இந்தத் தூரம்தான் லீடு). பள்ள விட்டம் சுமார் 13 மிமீ. அதற்குப் போட்ட கணக்கு இது. எண்கள் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதைக் காட்டுகின்றன.

| முனைகள் | 1000 மிமீ | 1500 மிமீ | 2700 மிமீ |
|---|---|---|---|
| ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் சும்மா | 2.2 | 1.0 | 0.3 |
| இரு பக்கமும் வெறும் தாங்கல் | 6.3 | 2.8 | 0.9 |
| ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தாங்கல் | 9.8 | 4.4 | 1.3 |
| இரு பக்கமும் இறுக்கம் | 14.2 | 6.3 | 2.0 |

நாலடி ஷீட்டுக்கு 1500, எட்டடி ஷீட்டுக்கு 2700 என்று வைத்திருக்கிறேன். ஷீட் அளவு 1220, 2440 என்றாலும் கேன்ட்ரியின் (கட்டரைச் சுமந்து நகரும் பாலம்) அகலம், முனைத் தாங்கிகள், கொஞ்சம் ஓட இடம் எல்லாம் சேர்ந்தால் இவ்வளவு ஆகிவிடும். தூசிக்காக மடிப்பு உறை போட்டால் அது சுருங்கி உட்கார இடம் வேண்டும், ஸ்க்ரூ இன்னும் நீளும். கூடும் நீளத்தின் வர்க்கம்தான் வேகத்தைத் தின்னும் என்பது உறை வாங்கும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஒரு மீட்டர் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே ஸ்க்ரூ பிரச்சினையே இல்லை. 9.8 மீட்டர் வேண்டுமென்றால் மோட்டார் 1960 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். சாதாரண நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டாருக்கு அதற்கு வெகு முன்பே டார்க் (சுழற்றும் விசை) விழுந்துவிடும். ஒரு மீட்டருக்குள் மெஷின் கட்டுகிறவர் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடலாம்.

இரண்டாவது, வளைவு. கேன்ட்ரி எதிலாவது முட்டி நின்றால் மோட்டாரின் மொத்தத் தள்ளலும் ஸ்க்ரூவின் மேல் விழும். 2 நியூட்டன் மீட்டர் மோட்டார் 5 மிமீ லீடில் 200 கிலோவுக்கு மேல் தள்ளும். 1500 மிமீ ஸ்க்ரூ, ஒரு முனை இறுக்கமாக இருந்தால், ஏறக்குறைய 250 கிலோ வரை வளையாமல் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. அதே ஸ்க்ரூ 2700 மிமீ என்றால் 80 கிலோவுக்கே வளைந்துவிடும். எட்டடியில், ஓரம் வந்ததும் மெஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் இல்லாமல் ஓட்டுவது ஸ்க்ரூவைப் பந்தயம் வைப்பது.

மூன்றாவது, தொங்கல். பலர் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் பயப்பட வேண்டியது இதற்கல்ல. 1500 மிமீ ஸ்க்ரூ இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்டால் தன் எடையிலேயே நடுவில் கிட்டத்தட்ட 3 மிமீ தொங்கும். கேட்க பயங்கரமாக இருந்தாலும், அந்த வளைவால் நீளத்தில் வரும் வித்தியாசம் 0.02 மிமீகூட இல்லை. மரம் வெட்டும் மெஷினில் அது கண்ணுக்கே தெரியாது. நட் பக்கவாட்டில் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மீதி மூன்று சில்லறை அளவுகோல்கள்: பிரேமின் பலம், பட்டறையில் நடக்க வேண்டிய லேத் வேலை, பின்னால் தூசியும் துருவும் எடுக்கப்போகும் நேரம்.

## ஒரு முனை இறுக்கம், மறு முனை தாங்கல்

பிகே12, பிஎஃப்12 என்று ஜோடியாக விற்கும் முனைத் தாங்கிகள் இதற்குத்தான். பிகே பக்கம் இரண்டு ஆங்குலர் கான்டாக்ட் பேரிங், பின்னால் லாக் நட். முன்னும் பின்னும் வரும் தள்ளல் முழுவதையும் இதுதான் வாங்கும். பிஎஃப் பக்கம் ஒரே ஒரு 6000இசட்இசட் பேரிங், ஒரு சர்க்ளிப். வெயிலில் ஸ்க்ரூ நீண்டால் அந்த முனை நகர்ந்துகொள்ளும்.

கடையில் முனை கடைந்து வரும் 1605 ஸ்க்ரூ பெரும்பாலும் இந்த ஜோடிக்கே அளவெடுத்தது என்பது பெரிய வசதி. பிஎஃப் பேரிங் தேய்ந்தால் பாரிமுனையில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும்.

மறைவான செலவு எங்கே என்றால், நேர்கோட்டில் வைப்பதில். பிகேவும் பிஎஃப்பும் நட்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், ஸ்க்ரூ ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். அதைப் பார்த்துவிட்டு கிரிட்டிக்கல் ஸ்பீடு வந்துவிட்டது, ஸ்க்ரூவை மாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஆட்டம் மெதுவாக ஓட்டும்போதும் சுற்றுக்கு ஒரு தடவை தெரிந்தால், அது கோணல் அல்லது வளைந்த ஸ்க்ரூ. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மட்டும், அதுவும் நட் ஒரு ஓரத்தில் இருக்கும்போது மட்டும் உறுமினால், அதுதான் வீச்சு. நட்டும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நடுவில் இருக்கும்போது வீச்சு அடங்கிவிடும்.

நேர் பண்ணும் முறை இப்படி: பிகேவை மட்டும் இறுக்குங்கள். நட்டை பிகே பக்கம் ஓட்டிப்போய் நட் பிராக்கெட்டின் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு பிஎஃப் பக்கம் கொண்டுபோய், தளர்ந்திருக்கும் பிஎஃப் தானாக உட்காரும் இடத்தில் இறுக்குங்கள். உயரம் ஒத்துவராவிட்டால் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், போல்ட்டை முறுக்கிச் சரிக்கட்டக் கூடாது. டயல் கேஜ் இருந்தால் நல்லது. கையால் சுற்றும்போது முழு நீளத்திலும் ஒரே மாதிரி லேசாக இருந்தாலும் போதும்.

பிகே வாங்காமல் மோட்டாரின் பேரிங்கையே இறுக்கமான முனையாக வைக்கும் சிக்கனம் ஒன்று உண்டு. அது வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டாரின் பேரிங் நீளவாக்குத் தள்ளலுக்குச் செய்ததல்ல, மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும், ஸ்பைரல் வெட்டு உள்ள அலுமினிய கப்ளிங் நடுவில் ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். அதில் வெட்டிய வட்டம் வட்டமாக வராது.

இது நாலடி வரை எல்லாருக்கும் பொருந்தும். 4.4 மீட்டர் போதாது என்கிறவர் எந்த வேலைக்குப் போதாது என்று ஒரு தடவை யோசிக்கட்டும். கதவில் 3டி செதுக்கலுக்கு 3 மிமீ பால் நோஸ் (உருண்டை முனை) கட்டர் போட்டு ஓட்டும்போது கட்டர் நொடிக்கு நொடி மேலும் கீழும் ஏறி இறங்கும்; உச்ச வேகத்தைத் தொடவே நேரம் இருக்காது. அங்கே ஆக்சலரேஷன்தான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

## இரு முனையும் இறுக்கம்

காகிதத்தில் இது அழகாக இருக்கும். 1500 மிமீக்கு வேகம் 4.4லிருந்து 6.3 ஆகிறது, தொங்கலும் குறைகிறது. இரண்டு பக்கமும் பிகே போட்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் இழுத்து லாக் நட்டை இறுக்க வேண்டும்.

இழுப்பதற்குக் காரணம் சூடு. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் சுமார் 12 மைக்ரான் நீளும். ஒன்றரை மீட்டர் ஸ்க்ரூ 10 டிகிரி சூடானால் 0.18 மிமீ. இரு முனையும் பூட்டியிருந்தால் அது நீள இடமில்லாமல் நடுவில் வளையும். அதனால் முன்கூட்டியே 3 டிகிரி நீட்சிக்குச் சமமாக இழுத்து வைப்பது வழக்கம். நம் ஸ்க்ரூவுக்கு அது 0.05 மிமீ நீட்சிதான். ஆனால் அதற்கு வேண்டிய இழுவிசை ஏறக்குறைய 100 கிலோ. அந்த 100 கிலோவையும் முனைத் தகடுகள் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். 20க்கு 40 அலுமினிய புரொஃபைலின் நுனியில் 10 மிமீ தகடு வைத்த மெஷினில் ஸ்க்ரூவை இழுக்கப் போனால், ஸ்க்ரூ அப்படியே இருக்கும், தகடு உள்ளே குனியும்.

அலுமினிய பிரேமுக்கு இன்னொரு தலைவலி உண்டு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். தகரக் கூரைப் பட்டறையில் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசத்தில், பிரேம் நீண்டு ஸ்க்ரூவை மேலும் இழுக்கும். மழை நாளில் தளர்த்தும். சித்திரையில் வைத்த இழுப்பு மார்கழியில் அப்படியே இருக்காது.

லேத் வேலை தனி. வழக்கமாக வரும் ஸ்க்ரூவின் பிஎஃப் முனையில் லாக் நட்டுக்கு மரை இருக்காது, விட்டமும் சிறிது. இரண்டு முனையும் பிகே அளவில் கடைந்து வாங்க வேண்டும், அல்லது இங்கே கடைய வேண்டும். பால் ஸ்க்ரூவின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் வழுக்கிக்கொண்டு போகும். பெரம்பூர் ரயில்வே பட்டறைகளில் கை பழகிய டர்னர்கள் வட சென்னையில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள்தான், ஆனாலும் இது கடின மேற்பரப்பு என்று முன்கூட்டியே சொல்லி, கார்பைடு இன்செர்ட் வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நட்டைக் கழற்றிக் கொடுக்கவும் வேண்டாம். சரியான குழாய் இல்லாமல் கழற்றினால் உள்ளிருக்கும் குண்டுகள் தரையெல்லாம் ஓடும்.

வெல்டிங் செய்த கனமான இரும்பு பிரேம், அலுமினியம் வெட்டும் வேலை, துல்லியம் முக்கியம் என்றால் இந்தச் சிரமம் தகும். மரத்துக்கு மட்டும் என்றால் எனக்குத் தேவையாகப் படவில்லை.

## தடியான ஸ்க்ரூ, அல்லது நீண்ட லீடு

இவை இரண்டும் வேறு வேறு, ஆனால் கடையில் ஒரே பேச்சில் வந்துவிடும்.

16லிருந்து 20 மிமீக்குப் போனால் பள்ள விட்டம் சுமார் 17, வேகம் 30 சதவீதம்தான் கூடும். ஆனால் சுழற்ற வேண்டிய ஜடத்துவம் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுவதால் 2.4 மடங்காகிவிடும். 25 மிமீ என்றால் ஏறக்குறைய 6 மடங்கு. உச்ச வேகத்தைக் கொஞ்சம் வாங்கி, ஆக்சலரேஷனை நிறைய விற்றதாக ஆகும். தாங்கிகளும் பிகே15, பிஎஃப்15 ஆகும், உயரம் மாறும், பிராக்கெட் எல்லாம் புதிதாகத் துளை போட வேண்டும்.

1610, அதாவது அதே 16 மிமீயில் சுற்றுக்கு 10 மிமீ நகரும் ஸ்க்ரூ, எனக்குப் பிடித்த வழி. 1500 மிமீயில் ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தாங்கினால் வரும் அதே 872 ஆர்பிஎம்மில் 4.4 மீட்டருக்குப் பதில் 8.7 மீட்டர் கிடைக்கும். மோட்டாரின் ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும் 8 மைக்ரோஸ்டெப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 160 ஸ்டெப். மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் தாராளம். விலையாகக் கொடுப்பது தள்ளுவிசையில் பாதி. முட்டினால் ஸ்க்ரூ வளையும் ஆபத்தும் பாதியாகிறதே, அது எனக்கு லாபமாகத்தான் தெரிகிறது. நாலடி மெஷினை இன்றைக்கு ஆரம்பிக்கிறவர் 1605 கேட்காமல் 1610 கேட்கலாம்.

## நடுத் தாங்கி

நடுவில் ஒரு தாங்கி வந்தால் தனித்து நிற்கும் நீளம் பாதியாகி வேகம் நான்கு மடங்காகும் என்ற கணக்கு எல்லாரையும் இழுக்கிறது. கணக்கு சரிதான். சிக்கல், அந்த இடத்தை நட் கடந்து போக வேண்டும் என்பதில்.

கடப்பதற்கு இரண்டு வழி. கேன்ட்ரி வரும்போது கேமில் (சரிவான தகடு) உரசிக் கீழே சாய்ந்து, போனதும் ஸ்பிரிங்கால் மறுபடி நிமிரும் தாங்கி ஒன்று. நீளமான லேத்களில் லீட் ஸ்க்ரூவுக்கு இப்படி வைத்திருப்பதைப் பழைய பட்டறைகளில் பார்க்கலாம். இன்னொன்று, நட்டின் இரு பக்கமும் இரண்டு புஷ் வண்டிகள், அவற்றை இணைக்க ஒரு கம்பி. நட் ஒன்றைத் தள்ள, அது மற்றதை இழுத்துக்கொண்டு போகும். நீளமான ஆக்சுவேட்டர்களில் இந்த முறை உண்டு.

லேத்தில் லீட் ஸ்க்ரூ மெதுவாகச் சுற்றும், கேரேஜ் சாவகாசமாக நகரும். ரூட்டரில் கேன்ட்ரி நிமிடத்துக்கு 5 மீட்டரில் வந்து கேமை அடிக்கும். நாள் முழுக்க டக் டக். சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில் தாங்கல் இல்லை. நட் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், தாங்கி நிமிர்ந்து மறுபடி தொடும்போது ஸ்க்ரூ ஏற்கெனவே கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக்கில் தட்டும். நைலான் அல்லது டெல்ரின் வி பிளாக் போட்டால் பால் ஸ்க்ரூவின் பள்ள விளிம்பு அதைச் சீவித் தூளாக்கும், அந்தத் தூள் கிரீஸில் கலந்து நட்டுக்குள் போகும். எம்டிஎஃப் தூசி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. திருவொற்றியூர், காசிமேடு மாதிரி கடலோரத்தில் என்றால் தாங்கி உரசி எண்ணெய் போன இடத்தில் உப்புக்காற்றில் துரு முதலில் பிடிக்கும்.

ஸ்க்ராப்பில் நீளமான ட்ரெபிசாய்டல் ஸ்க்ரூ (குண்டு இல்லாத சாதாரண மரை) மலிவாகக் கிடைத்து, மெதுவாக நகரும் கல் வெட்டும் மெஷினோ பிளாஸ்மா மேசையோ கட்டுகிறவருக்கு இது பொருந்தும். வேறு யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

## நட்டைச் சுற்றுவது, அல்லது ரேக்

எட்டடிக்கு வந்துவிட்டோம். அட்டவணையில் 2700 மிமீ நெடுவரிசையை மறுபடி பாருங்கள். இரு முனையும் இறுக்கி, இழுத்து, எல்லாச் சிரமமும் பட்டாலும் 2 மீட்டர். 25 மிமீ ஸ்க்ரூ, 10 மிமீ லீடு, ஒரு பக்கம் இறுக்கம் என்று போட்டால் 4 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அந்தக் கனத்தைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டும்.

நட்டைச் சுற்றும் முறையில் ஸ்க்ரூ அசையாமல் இரு முனையிலும் கிளாம்பில் நிற்கும். முனைகளில் பேரிங்கே தேவையில்லை. கேன்ட்ரியில் நட்டை ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகளில் உட்கார வைத்து, பெல்ட்டால் சுற்ற வேண்டும். சுழலாத ஸ்க்ரூ வீசாது. எவ்வளவு நீளமானாலும் மோட்டார் சுற்றுவது நட்டையும் புல்லியையும் மட்டும்தான். விலை என்ன என்றால், மோட்டார் கேன்ட்ரியோடு பயணிக்கும், எடையும் கேபிள் செயினும் கூடும். நட் உட்காரும் ஹவுசிங்கை ஒரே மையத்தில் கடைவதும் சாதாரண லேத் வேலை இல்லை. அலுமினியம் வெட்ட நீளமான மெஷின் வேண்டும், பெல்ட்டும் ரேக்கும் தரும் ப்ளே (தளர்வு) ஆகாது என்பவர்களுக்கு இதுதான் வழி.

மற்றவர்களுக்கு ரேக், அதாவது பினியன் என்ற பல்சக்கரம் உருளும் நேரான பல்தண்டு. கடையில் விற்கும் எட்டடி மர ரூட்டர்களின் நீள அச்சைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் ரேக்தான் இருக்கும். மாட்யூல் 1 ரேக்கில் 20 பல் பினியன் சுற்றுக்கு 62.8 மிமீ போகும். 5க்கு 1 என்று பெல்ட்டில் குறைத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 12.6 மிமீ, 600 ஆர்பிஎம்மிலேயே 7.5 மீட்டர். நீளம் எவ்வளவு கூடினாலும் இந்த எண் மாறாது. துண்டு துண்டான ரேக்கை ஒட்டும்போது, மூட்டில் இன்னொரு துண்டைத் தலைகீழாகப் பல்லோடு பல் கோத்து வைத்து இடைவெளி பார்த்து இறுக்க வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் மூட்டு வரும் இடத்தில் எல்லாம் வெட்டில் கோடு விழும். பினியனை ஸ்பிரிங்கால் ரேக்கோடு அழுத்தி வைத்தால் ப்ளே அடங்கும்.

## ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு

எட்டடிக்கு 1605 போட்டு மெஷின் நின்றுவிட்டது, இப்போது பணம் இல்லை என்றால், உடனே ரேக்குக்கு மாற வேண்டியதில்லை. மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் அந்த அச்சின் உச்ச வேகத்தை, ஒய் அச்சு என்றால் $111 என்ற செட்டிங்கை, அட்டவணை எண்ணுக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தாங்கல் என்றால் 1300 (நிமிடத்துக்கு மிமீ). வெட்டாமல் வேகமாக ஓடும் ரேபிட் நகர்வில்தான் வீச்சு முதலில் வரும், அது அடங்கிவிடும். பிகேவின் லாக் நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தளர்ந்தால் 15.1 என்ற முனை எண் 9.7 பக்கம் சரிந்துவிடும். அப்புறம் வெட்டும் பாதை போடும் கேம் (CAM) மென்பொருளில், வரி வரியாகச் செதுக்கும் ராஸ்டர் கோணத்தை மாற்றி, கட்டர் குட்டை அச்சில் போய்வருமாறு வையுங்கள். நீள ஸ்க்ரூ வரிக்கு வரி 0.3 மிமீ மட்டும் நகரும். அந்த நகர்வுக்கு நிமிடத்துக்கு 1.3 மீட்டர் வேகமே அதிகம்.